அக்கா, இரண்டு ஊசிகளை மறைத்துவிட்டேன்

என்னை இடுப்பில் சுமந்த செல்வி அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருசம் தாண்டிவிட்டது. உன் திவசத்துக்கு மலர்தான் சமைத்தாள். பருப்பில் உப்பு கூடிப்போச்சு. எல்லாரும் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டோம். நீ இருந்திருந்தால் முதல் வாயிலேயே சொல்லியிருப்பாய். உன் மகள் மலர் இப்போது உன்னைவிட ஒரு பிடி உயரம். எங்கள் வீட்டிலிருந்துதான் உயர்தரம் படிக்கிறாள். கவிதாவை அத்தை அத்தை என்று சுற்றி வருகிறாள், சில நாள் சண்டையும் போடுகிறாள். அத்தான் கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியதைத் தள்ளிப் போடப் பார்க்கிறேன். அக்கா, நான் ஒரு தப்பு செய்தேன். நீ உயிரோடு இருந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லும் தைரியம் எனக்கு வந்திருக்காது.

எட்டு வயதில் எனக்கு வந்த காய்ச்சல் உனக்கு நினைவிருக்கும். முழங்கால் வீங்கி, அது இறங்கிக் கணுக்காலுக்குப் போய், கடைசியில் நெஞ்சைத் தொட்டது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாது என்றார்கள். மறுபடி அந்தக் காய்ச்சல் வந்து வால்வை இன்னும் கெடுக்காமல் இருக்க மூன்று கிழமைக்கு ஒரு பென்சிலின் ஊசி, இருபத்தொரு நாளுக்கு ஒன்று, வருசக்கணக்காக. அப்பாவும் அம்மாவும் மலைக்கு வேலைக்குப் போனால்தான் அன்றைக்குப் பேர் விழும், சம்பளம் கிடைக்கும் என்பதால், பதினாறு வயதில் நீதான் என்னைக் கூட்டிப் போனாய். தோட்டத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு இரண்டு கட்டை தூரம், முழுசாக இரண்டு மைல். போகும்போது நடப்பேன். வரும்போது ஊசி போட்ட காலை ஊன்ற முடியாது.

"டேய், எருமைக்குட்டி மாதிரி கனக்குற. இறங்குடா" என்பாய். நான் இறங்கப் பார்த்தால் விடமாட்டாய்.

எனக்கும் கவிதாவுக்கும் கல்யாணம் ஆகி, நிவித்திகலை டவுனில் போட்டோகொப்பிக் கடை போட்ட பிறகும் நீ விடவில்லை. மூன்று கிழமைக்கு ஒரு தடவை உன் போன் வரும். "ஊசி போட்டியா? சரி, வச்சிர்றேன்." அவ்வளவுதான் பேச்சு.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மாதங்களில்தானே அக்கா, உன் மார்பில் கட்டி இருந்தது? கொழுந்து பறிக்கக் கையைத் தூக்க முடியாமல் போனபோதும், "மழையில நின்ன வலிடி" என்று கவிதாவிடம் சொல்லியிருக்கிறாய். இரத்தினபுரிக்குக் கூட்டிப் போன அன்று, டொக்டர் உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் பேசினார். ரொம்பப் பரவிவிட்டது என்றார். என் நெஞ்சைப் பார்த்துப் பார்த்து உன் நெஞ்சை விட்டுவிட்டாயே. ஏன் சொல்லவில்லை? வெட்கமா, பயமா? நாங்கள் கேட்கவில்லை என்பதுதானா?

நீ போன பிறகு என் உடம்பு எனக்கு ஒரு களவாணி மாதிரி ஆகிவிட்டது. எதையோ மறைக்கிறது, நான்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று தோன்றியது. கடையில் வேலை குறைந்த நேரமெல்லாம் மேசைக்கடியில் போன். நெஞ்சு ஒரு தடவை தவறித் துடித்தால் அதைப் போட்டுத் தேடுவேன். சாதாரணம் என்று ஒரு பக்கத்தில் இருக்கும், பக்கவாதம் வரலாம் என்று அடுத்த பக்கத்தில் இருக்கும். சாதாரணம் என்று போட்டிருப்பது மனதில் நிற்காது. படித்த பயத்தில் துடிப்பு கூடும். கூடியதற்கு மறுபடி தேடுவேன். கழுத்தில் விரல் வைத்து எண்ணிக்கொண்டே ஆட்களுக்குக் கொப்பி அடித்துக் கொடுத்தேன். பிறப்புச் சான்றிதழுக்குப் பதில் காணி உறுதிப் பத்திரத்தை நாற்பது பக்கம் அடித்துத் தள்ளிய நாளும் உண்டு.

உனக்குச் சிரிப்பு வர ஒன்று சொல்கிறேன். வலது கை மரத்துப் போகிறது என்று ஒரு கிழமையாகத் தேடினேன். என்னென்னவோ நரம்பு வியாதியெல்லாம் வந்தது. கவிதா பார்த்துவிட்டு, "போனைக் கீழ வைங்க, சரியாயிரும்" என்றாள். வைத்தேன். சரியாகிவிட்டது.

ஆனால் அடுத்தது சிரிக்கும்படி இல்லை. ஒருநாள் என் ஊசியின் பெயரைப் போட்டுத் தேடினேன். எங்கோ ஒருவர் அதைப் போட்ட உடனே ஒவ்வாமை வந்து இறந்துபோனதாக ஒரு பதிவு. அதன் கீழே பல பேர் பலவிதமாக எழுதியிருந்தார்கள். இத்தனை வருசமாகப் போடுகிறேனே, ஒன்றும் ஆகவில்லையே என்று புத்திக்குத் தெரிந்தது. கால் கேட்கவில்லை. ஊசி நாளன்று பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். கவிதாவிடம் போட்டாச்சு என்றேன். அடுத்த தடவை வாசல்வரைகூடப் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மலர் அடையாள அட்டை விண்ணப்பத்துக்காக அலுமாரியைக் குடைந்திருக்கிறாள். நான் வெளியிலிருந்து வந்தபோது ஊசி போட்ட தேதிகளை எழுதும் என் கிளினிக் கொப்பியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, இதுல ரெண்டு கட்டம் வெறுமையா இருக்கு."

"எழுத மறந்திருப்பாங்கம்மா."

"ரெண்டு தடவையுமா?"

நான் சட்டையைக் கழற்றி மாட்டுவது போல முதுகைக் காட்டி நின்றேன். அவள் எழுந்து முன்னால் வந்தாள். உன் மூக்கு, அக்கா. கோபம் வந்தால் அதே மாதிரி விடைக்கிறது.

"அம்மாவும் இப்படித்தான் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டு டியூசனுக்குப் போனேன். இப்ப நீங்களும் மறைக்கிறீங்களா? அப்புறம் நாங்க யாருகிட்ட போறது?"

சொல்லிவிட்டு அழுதாள். உன் சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. கவிதா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். தேடியதை, படித்ததை, வாசலில் நின்றதை. "பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். முப்பத்தாறு வயதில்.

கவிதா திட்டுவாள் என்று நினைத்தேன். "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேன்ல" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். வெறும் கட்டங்களைப் பார்த்த நர்ஸ் முகத்தைச் சுளிக்காமல் டொக்டரிடம் அனுப்பினார். சின்ன வயசு டொக்டர், சிங்களப் பெண். நான் பயந்ததைச் சிங்களத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். "பய வென்ன எப்பா, மல்லி" என்றார். பயப்படாதே தம்பி என்று. என்னைவிட இளையவர்தான், ஆனாலும் அந்த 'மல்லி' நீ கூப்பிட்டது போலிருந்தது.

அவர் பொறுமையாகச் சொன்னார். ஒவ்வாமை வரலாம், ஆனால் அபூர்வம். அதற்குத்தான் ஊசி போட்டபின் உட்கார வைத்துப் பார்க்கிறோம், வந்தால் கொடுக்க மருந்தும் பக்கத்திலேயே இருக்கிறது. ஊசியை விட்டால் வால்வு கெடும் ஆபத்துதான் உனக்குப் பெரிது. ஊசி போட்டேன். அரை மணி நேரம் கவிதா என் கையை விடவில்லை. ஒன்றும் ஆகவில்லை. இடுப்பு மட்டும் அந்தக் காலத்தைப் போலவே வலித்தது.

தேடாதே என்று அவர் சொல்லவில்லை. தேடத் தோன்றினால் முதலில் ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார். என்ன செய்தது, எத்தனை மணிக்கு, அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன். அதை அடுத்த கிளினிக்குக் கொண்டுவந்து அவரிடம் கேட்க வேண்டும். மயக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம், விடாத காய்ச்சல் இப்படி எதுவும் வந்தால் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே வரவேண்டும். பயத்துக்கென்று இன்னொரு டொக்டரிடமும் அனுப்பினார். பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம் என்று கூசிக்கொண்டுதான் போனேன். அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மாவனல்லையிலிருந்து வந்த ஒரு முதலாளி. அவருக்கு வயிற்றைப் பற்றிப் பயம். இரண்டு பேரும் போனில் படித்த வியாதிகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். போன கிழமைகூட பஸ்ஸில் நெஞ்சு படபடத்து, போனை எடுத்து இரண்டு எழுத்து தட்டிவிட்டேன். அழித்துவிட்டுக் கொப்பியில் எழுதினேன். சில நாள் அழிக்க முடிவதில்லை, படித்துவிடுகிறேன். அன்று கவிதாவிடம் "இன்னைக்குத் தேடிட்டேன்" என்று சொல்லிவிடுகிறேன். "சரி, சாப்பிட வாங்க" என்கிறாள்.

நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், அக்கா. வால்வு முன்னே இருந்தபடிதான் இருக்கிறது. இரண்டு ஊசி தப்பியும் தப்பித்துவிட்டேன். டொக்டர் சந்தோசமாகச் சொன்னபோது எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்கும் இப்படி யாராவது சந்தோசமாகச் சொல்லியிருப்பார்களா? இந்தக் கேள்விக்குப் போனிலும் பதில் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

உன்னை வைத்து எங்கள் தோட்டத்தில் ஒரு காரியம் நடந்தது. பிள்ளைக்காம்பராவில் வேலை பார்க்கிற கவிதா, அங்கே பிள்ளைகளை விட வருகிற பெண்களிடம் உன் கதையைச் சொன்னாள். மார்பைப் பரிசோதிக்கிற கிளினிக்குக்கு ஒரே நாளில் பதினோரு பேரைக் கூட்டிப் போனாள். அதில் ஒருத்திக்குக் கட்டி இருந்தது. சின்னது. வெட்டி எடுத்தாயிற்று, கொழுந்துக்குத் திரும்பிவிட்டாள். பெயரைச் சொன்னால் உனக்குத் தெரியும். சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள், அதனால் விடுகிறேன்.

மலர் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் பத்திரிகையில் அச்சுக்குக் கொடுக்க விட்டாள். அவளைப் பற்றி உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் எங்கே வலிக்கிறது என்றாலும் நான் போனை எடுக்கமாட்டேன், ஒன்றுமில்லை என்றும் சொல்லமாட்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு அவளோடு கிளம்புவேன். நடக்க முடியாவிட்டால் தூக்கிக்கொண்டு போவேன், எவ்வளவு கனத்தாலும்.

உன் இடுப்பை விட்டு இன்னும் முழுசாக இறங்காத தம்பி,
சேகர்