செர்பியாக்காரர் காட்டிய காட்டெருமை

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

என் அரை ஏக்கர் தேயிலைச் சாம்ராஜ்யத்தைப் பார்வையிட இன்று செர்பியாவிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். தேயிலை ஃபேக்டரியில் தரம் பார்க்கும் என் அக்கா மகள் கலா கூட்டி வந்தாள். அவர் பேச்சைத் தமிழில் சொன்னதும் அவள்தான்.

இலையில் பூச்சிமருந்து தங்கியிருக்கிறதா என்ற சோதனைக் காகிதத்தை முதலில் கேட்டார். ஐரோப்பிய ஒன்றியம் சொன்ன அளவைத் தாண்டினால் என் இலை வேண்டாமாம்.

"உங்க நாடு அந்த ஒன்றியத்துலயே இல்லீங்களே, அவங்க சட்டம் உங்களுக்கு எதுக்குங்க?" என்றேன்.

கீழே மேய்ந்த காட்டெருமையைக் காட்டினார். "அது உங்க மாடு இல்லை. ஆனா அது நிக்கற பக்கம் பார்த்துத்தானே நடக்கறீங்க? அந்த ஒன்றியமும் எங்களுக்கு அப்படித்தான். எங்க ஊர்ல சில பேருக்கு அதோட சேர்ந்து மேய ஆசை. சில பேருக்கு முட்டிருமோன்னு பயம்."

பிறகு கலா நீட்டிய காகிதத்தைப் படித்தார். இலை சுத்தம். எடுத்துக்கொள்வதாகக் கை கொடுத்தார்.

போன மாதம் மருந்தடிக்கக் கிளம்பிய என்னிடமிருந்து ஸ்பிரேயரைப் பிடுங்கியவள் கலா. அதற்காக மூன்று நாள் அவளோடு பேசாமல் உலகப் போர் நடத்தினேன்.

"நீ தடுக்கலீன்னா இன்னைக்கு என் இலை குப்பைக்குத்தான் கண்ணு," என்றேன்.

"ஸ்பிரேயரை அன்னைக்கே பழைய இரும்புக்குப் போட்டுட்டேனுங்க மாமா."

கோபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை.