மலேயாவில் இருந்த அப்பா

சிஸ்டர், எதிர்வீட்டுப் பையன் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறான். அவன் கொடுத்த தைலத்தைத் திறந்தேன், அவ்வளவுதான். கல்லல் வீட்டு வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்கள்.

வாய்க்கால் தகராறில் ஒருவரை வெட்டிவிட்டு அப்பா மதுரை ஜெயிலுக்குப் போனபோது நான் கைக்குழந்தை. "அப்பா மலேயாவுல இருக்காகத்தா" என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள். நம் பக்கத்தில் பாதி வீட்டு ஆண்கள் அக்கரைச் சீமையில்தானே இருந்தார்கள்! எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஜெயிலில் அப்பாவைப் பார்ப்பதும் எங்களுக்கு அரிசி, கோதுமை கொண்டுவருவதும் உங்கள் திருச்சபை ஊழியம். பொய் உங்களுக்கு ஆகாது. "பிள்ளைட்ட உண்மையச் சொல்லிருவோமே" என்று அம்மாவிடம் கெஞ்சுவீர்களாம். "வேணாம் சிஸ்டர், பள்ளிக்கூடத்துல அவளப் பேசியே கொன்னுபுடுவாக" என்று அவள் அழுதாளாம். நீங்கள் இரங்கிவிட்டீர்கள். காரைக்குடி ஆச்சிமார்களிடம் கேட்டு வாங்கிய அக்கரைத் தைலத்தையும் ரிப்பனையும் கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவந்து, "உங்கப்பா பேரச் சொல்லி வாங்கிக்கத்தா" என்பீர்கள். 'மலேயா' என்ற சொல் மட்டும் உங்கள் வாயில் வந்ததே இல்லை. அதை நான் சேர்த்துக்கொண்டேன். அடேயப்பா, வகுப்பில் என்ன பீற்றல்!

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு விடுதலை. கல்லல் ஸ்டேஷனில் நாம் மூவரும் நின்றோம். மெலிந்த மனிதர் ஒருவர் கையில் துணிப்பையோடு இறங்கினார். அம்மா ஓடிப்போய் அழுதாள். நானோ ரயிலுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"பெட்டியெல்லாம் எங்கப்பா? இறக்கலையா?"

"என்ன பெட்டித்தா?"

"மலேயாவுலருந்து வாரவுக பெட்டி கொண்டாருவாகள்ல?"

அப்பா உங்களைப் பார்த்தார். "எம்பிள்ளைக்கு நான் யாருன்னே தெரியாதா சிஸ்டர்?"

ஒரு மாதம்கூட அவர் வீட்டில் தங்கவில்லை. "பெட்டியோட வாரேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வேலை தேடிப் போனவர் திரும்பவே இல்லை.

அதன்பின் நீங்கள் என் முகம் பார்த்துப் பேசவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கணும், பாவி நான்" என்று சாகும்வரை புலம்பினீர்கள். உங்கள்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை, சிஸ்டர். இதை உங்கள் காதில் போடாமலே உங்களை அனுப்பிவிட்டேனே என்பதுதான் என் குறை.

உங்கள் வேலையை இப்போது நான் பார்க்கிறேன். போன மாதம் ஒரு சிறுமியை மதுரைக்கு அழைத்துப் போனேன். "உங்கப்பா ஜெயில்ல இருக்காகத்தா" என்று கிளம்பும் முன்பே சொல்லிவிட்டேன். வழியெல்லாம் அழுதாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டீகளாப்பா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு ஸ்டேஷனில் நான் கேட்டிருக்க வேண்டியது அதுதான், சிஸ்டர்.