ஷிரினின் நுரையீரலில் இருந்த மங்கல்

11 ஜூன் 2024
தங்கை ஷிரினை மதுரைக்கு ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். சில வருஷத்துக்கு முன் அவள் கழுகுமலை ரோட்டில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தபோது எடுத்த படத்தில்தான் அது முதலில் தெரிந்தது. வலது நுரையீரலில், பனி மூடினாற்போல் ஒரு மங்கல். "வருஷம் ஒருக்கா பாத்தா போதும்" என்றார் டாக்டர் சுகிர்தா. தவறாமல் போனோம். இன்று அந்த மங்கலுக்கு நடுவில் வெள்ளையாக, கெட்டியாக ஏதோ இருக்கிறது.

பீடிப் புகைகூட ஆகாதவள் அவள். திரும்பும் பஸ்ஸில் ராஜபாளையத்திலிருந்து என் தோளில் தூங்கிக்கொண்டே வந்தாள்.

2 ஜூலை
ஆபரேஷனில் வலது நுரையீரலின் மேல்மடலை எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும், "ராத்தா, என் நைட்டிக் கடைய யாரு தொறந்தா?" என்று கேட்டாள்.

30 ஜூலை
மரபணுச் சோதனை முடிவு வந்தது. டாக்டர் எதிரே உட்காரவைத்துச் சொன்னார். "மங்கலா இருந்த ஓரத்துல ஒரே ஒரு ஜீன் மாற்றம்தாம்மா. அது பல வருஷமா இருந்திருக்கும். கெட்டியான இடத்துல இன்னொண்ணும் சேந்திருக்கு. கெட்ட செல்லைத் தடுத்து நிறுத்துற ஜீன் அங்க வேலை செய்யல. அதுக்கப்புறம் சுத்தியுள்ள சதைக்குள்ள எறங்கிடுச்சு."

நிணநீர்க் கணு ஒன்றிலும் புற்று இருக்கிறதாம்.

"போன வருஷமே வெட்டியிருந்தா?"

"அப்ப அது எறங்கினதா தெரியலம்மா. அப்படியே நின்னுபோறதும் நெறைய. எது எறங்கும்னு முன்கூட்டிச் சொல்ல எங்களுக்குத் தெரியல."

சண்டை போடத்தான் போயிருந்தேன். திட்டுவதற்கு ஆளில்லாமல் திரும்பினேன்.

6 ஆகஸ்ட்
பிளஸ் டூ உயிரியல் வகுப்பில் 'திடீர்மாற்றம்' பாடம் நடத்தினேன். மரபணு மாறுவதைப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. திடீரென்று எதுவும் நடக்கவில்லையே. அவள் சிரித்துக்கொண்டு கடையில் துணி மடித்த வருஷங்களில் எல்லாம் அது உள்ளே இருந்திருக்கிறது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

31 மார்ச் 2025
பெருநாள். ஷிரினே நெய்ச்சோறு ஆக்கினாள். புற்றுக்குத் தரும் மாத்திரை நன்றாகக் கேட்கிறது. இருமல் இல்லை.

17 செப்டம்பர்
மூளையில் மூன்று இடம். மாத்திரைக்கு அடங்காத இன்னொரு மாற்றமாம். பெயர் சொன்னார்கள், எழுதிக்கொள்ளவில்லை. இன்னும் எம்புட்டு தடவதான் மாறும் இது? எனக்கு அவ ஒருத்திதானே—

4 அக்டோபர்
அவள் மாப்பிள்ளை தாஹா சவுதியில் தம்மாமிலிருந்து வந்துவிட்டார். ஷிரின் அவரை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னாள்: "என் உடுப்பெல்லாம் ஒனக்குச் சரியாத்தான் இருக்கும் ராத்தா. யாருக்கும் குடுத்துராத, நீயே உடுத்து."

சரி என்றேன்.

21 நவம்பர்
போய்விட்டாள்.

30 டிசம்பர்
நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதினார்கள். வந்தவர்கள் போனபின் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது போலிருக்கிறது.

"ஷிரின் பானுவுக்குத் திங்கக்கெழம ஸ்கேன்மா. வெறும் வயித்தோட வரச் சொல்லுங்க."

"சரிம்மா, சொல்லுதேன்" என்றேன்.