ஐயம்பேட்டையில் கேட்ட உங்கள் குரல்

அண்ணா,

இன்று காலை கார் ஸ்டாண்டில் ஒருவர் ஆயில் ஊற்றும்போது சூடான என்ஜின் மேல் சிந்திவிட்டார். அது கருகும் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் மெக்கானிக் ஷெட்டில் நிற்பது போலவே இருந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. உங்களைப் பற்றி நல்லதாக ஏதாவது நினைத்துக்கொண்டு நின்றிருப்பேன். அதற்கும் கொடுத்துவைக்கவில்லை.

ஆயில் சிந்தியவர் ஸ்டாண்டுக்குப் புதிது. ஏதோ சர்வீஸ் சென்டரில் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம், பாவம், முகமே செத்திருந்தது. இன்னொருவரிடம் காட்டினால் என்ன என்று கேட்டார். உங்கள் பெண் இப்போது ஷெட்டை நடத்துகிறாள், அங்கே போங்கள் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் பக்கத்து வண்டி டிரைவர் முந்திக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு ஷெட்டுக்கு மட்டும் போவாதபா. அவங்க அப்பா காலத்துலேர்ந்தே ஏமாத்து. இதோ, இந்த அக்காதான் சொன்னாங்க."

ஆமாம் அண்ணா, நான்தான் சொன்னேன். ஆறு வருடம் இருக்கும்.

அப்போது நான் வாடகைக்கு ஓட்டப் பழைய கார் வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. பட்டு எடுக்க வரும் கல்யாணக் கூட்டங்களை ஏற்றி இறக்கித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கடக் கடக்கென்று ஒரு சத்தம். நீங்கள் பானெட்டுக்குள் தலையை விட்டுக் காது கொடுத்துக் கேட்டீர்கள். "பேரிங் போயிருக்குதுமா. என்ஜின இறக்கணும்" என்றீர்கள். செலவைக் கேட்டதும், வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று புளுகிவிட்டு நேராக ஸ்டாண்டுக்குப் போனேன். "பொம்பளதானேன்னு ஏமாத்தப் பாக்குறாருபா" என்று அங்கிருந்தவர்களிடமெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அப்புறம்தான் வண்டியை ஐயம்பேட்டையில் இன்னொரு மெக்கானிக்கிடம் விட்டேன்.

இன்னொருவரிடம் கேட்கப் போனதற்கு நான் வெட்கப்படவில்லை. ஒரு கடையில் எடுத்த புடவையை இன்னொரு கடையில் காட்டி ஜரிகை அசல்தானா என்று கேட்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். அதற்காக யாரும் முதல் கடைக்காரரைத் திருடன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை.

ஐயம்பேட்டை மெக்கானிக் சத்தத்தைக் கேட்டார், தலையைச் சொறிந்தார். "ஒரு நிமிஷம்கா, நான் தொழில் கத்துக்கின வாத்தியாரக் கேட்டுக்கறேன்" என்று போனை ஸ்பீக்கரில் போட்டு என்ஜின் பக்கத்தில் பிடித்தார். "அண்ணா, ஒரு அக்கா வந்திருக்காங்க. யாரோ என்ஜின இறக்கணும்னு சொல்லிட்டாங்களாம்."

போனில் வந்தது உங்கள் குரல். அந்த வாத்தியார் நீங்கள்தான்.

"காதால கேட்டுச் சொன்னவன் பேச்ச உடு. ஆயில வடிச்சிப் பாரு. மினுமினுன்னு இரும்புத்தூள் இருந்தா இறக்கு. இல்லன்னா என்ஜின்ல கைய வெக்காத."

வடித்த ஆயிலில் தூள் எதுவும் இல்லை. என்ஜினைத் தாங்குகிற ரப்பர்தான் கிழிந்திருந்தது. ஒரு மணி நேர வேலை. அந்த வண்டி யாருடையது, இறக்கச் சொன்ன "யாரோ" யார் என்று உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும். உங்கள் தப்பைக் கண்டுபிடிக்க நீங்களே வழி சொல்லிக் கொடுத்தீர்கள்.

அடுத்த வாரம் ஷெட் வழியாகப் போனபோது கைகாட்டி நிறுத்தினீர்கள். "இன்னாமா, வண்டி ஐயம்பேட்ட வரைக்கும் நல்லா ஓடிச்சா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். நான் கல்லுளிமங்கி மாதிரி, "எங்கியும் போவலண்ணா, சத்தம் தானா நின்னுடுச்சி" என்றேன். "தொறந்து பாக்காம சொல்லிட்டேன்மா, தப்புதான்" என்றீர்கள். நீங்கள் தப்பை ஒப்புக்கொண்டீர்கள், நான் பொய்யை விடவில்லை. அதற்குப் பிறகும் உங்களிடமே வண்டியை விட்டேன், ஸ்டாண்டில் சொன்னதை மட்டும் மாற்றிச் சொல்லவில்லை. சொன்னால் என் மானம் போகும் என்றுதான்.

இன்று சொன்னேன். "அவரு ஏமாத்தலபா. தப்பா சொன்னாரு, அது வேற. ஏமாத்துன்னு சொன்னதுதான் புளுகு, அத சொன்னது நானு."

பக்கத்து வண்டி டிரைவர் என்னையே பார்த்தார். "இத்தினி வருஷமா ஏன்கா சொல்லல?"

அதற்குள் புதியவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உங்கள் ஷெட்டுக்குத்தான் போயிருப்பாரா என்று இருப்புக்கொள்ளாமல் இரண்டு தடவை அந்தப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். அவர் வண்டி அங்கே இல்லை. வேறு வண்டியும் இல்லை. உங்கள் பெண் ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது தடவை இறங்கிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யார் யாருகிட்ட சொன்னீங்க அத்தை?" என்றாள்.

ஸ்டாண்டில் இருந்தவர்களின் பெயர்களைச் சொன்னேன். தாமல் ஊரிலிருந்து வாடகைக்குக் கூப்பிடும் இரண்டு குடும்பங்களைச் சொன்னேன். என் தம்பி, தம்பியின் கூட்டாளிகள். அதற்கு மேல் எனக்கு நினைவு வரவில்லை, அண்ணா. அவள் அடுத்த பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.