ஆறாம் தொட்டியின் முதல் குப்பி

அன்பு மகளுக்கு,

உன் அத்தையின் வேலையைப் பறித்தது நீதான். நாங்கள் இங்கே சுகம், நீ அங்கே சுகமா என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இந்தத் தடவை அந்த வரி கைக்கு வரவில்லை, முதலில் வந்ததை முதலில் எழுதிவிட்டேன். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, மாடிப்படி ஏறி இறங்குகிறார். எனக்குக் கை அரிப்பு அப்படியே இருக்கிறது, தொட்டியில் நிற்கிற எல்லாருக்கும் இருப்பதுதான், நீ அனுப்பிய களிம்பு தீர்ந்துவிட்டது, இன்னொன்று அனுப்ப வேண்டாம். அத்தைதான் நாலு நாளாகத் தட்டைத் தொட்டுவிட்டு எழுந்துபோகிறாள். பதினெட்டு வருஷம் பாசிப் பண்ணையில் நிழல் வலை இழுத்தவளை வாசலிலேயே நிறுத்தி அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வருகிற வியாழக்கிழமை விசாரணை. தப்பு அவள்மேல்தான் என்று அன்றைக்கு முடிவானால் இந்த வட்டாரத்தில் எந்தப் பண்ணைக்காரனும் அவளைத் தொட்டிப் பக்கம் விடமாட்டான்.

நடந்ததை நான் பார்த்தபடி ஒரு தடவை கேள். மழைக்காலம் முழுக்க ஆறாம் தொட்டி வலைக்கு அடியிலேயே கிடந்தது. அப்படி ஒரு கரும்பச்சை, கையை விட்டால் மணிக்கட்டு நனைவதற்குள் நடுவிரல் மறைந்துவிடும். அந்த மாதிரித் தொட்டியை எப்படித் திறப்போம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, முதல் நாள் கால்வாசி வலை, இரண்டு நாள் கழித்து அரைவாசி, அப்படியே ஒரு வாரத்தில் முழு வெயில். எங்கள் கைப்பழக்கம் அது, ஏன் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நீதான் ஒருநாள் போனில் சொன்னாய், அம்மா அது ஒத்தை செல்லுதான், ஆனா சரியான கில்லாடி என்று. நிழலில் இருக்கும்போது கிடைக்கிற சொட்டு வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்கப் பச்சையத்தை வாரி வைத்துக்கொள்ளுமாம். வெயில் ஏறினால் சில நிமிஷத்தில் பிடிக்கிற வேலையைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளும், சில மணி நேரத்தில் காப்புக்கென்று ஒரு புரதம் செய்து மிஞ்சின வெளிச்சத்தைச் சூடாக வெளியே தள்ளும், பச்சையத்தைக் குறைத்து முழுசாகப் பழக மட்டும் நாள் கணக்காகும், அந்த அவகாசம் கிடைக்காவிட்டால் அது உயிர் வாழ்கிற வெளிச்சமே அதைப் பொசுக்கிவிடும் என்றாய். அன்றைக்கு நான் போனை வைத்துவிட்டுத் தொட்டி தொட்டியாகப் போய் எல்லாப் பெண்களுக்கும் சொன்னேன், என் பெண் நம்ம வேலைக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டாள் என்று.

போன மாதம் முதல் திங்கள், வெயில் உச்சிக்கு வருகிற நேரம், குடைக்காரர் வந்தார். மேற்பார்வைக்கு வந்திருக்கிற புது ஆள், எந்நேரமும் குடையும் கையுமாக நிற்பதால் நாங்கள் வைத்த பெயர். நாளைக்கு வெளியிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள், படம் எடுப்பார்கள், ஆறாம் தொட்டி வலையை முழுசாகச் சுருட்டு என்றார். அத்தை, ஐயா ஒரே நாள்ல திறந்தா வெந்துபோயிடும், ஒரு வாரம் குடுங்க என்றாள். பாசிக்கு என்ன கண்ணா இருக்கு, கூசுறதுக்கு என்று கேட்டார். இவள் சும்மா இருந்திருக்கலாம். அப்ப நீங்க அந்தக் குடைய மடக்கிட்டு அரை மணி நேரம் நில்லுங்க பாப்போம் என்று சொல்லிவிட்டாள். பதினோரு பெண்களும் வாய்விட்டுச் சிரித்தோம், நானும்தான். வலையைச் சுருட்ட வைத்தார், சுருட்டினோம். செவ்வாய்க்கிழமை வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். புதன்கிழமை தொட்டி அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடந்தது, முழங்கை வரை விட்டாலும் விரல் தெரிந்தது. இப்போது அந்தச் சிரிப்புக்குத்தான் ஒருத்தியை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பது பண்ணையில் எல்லாருக்கும் தெரியும், சொல்லத்தான் ஆள் இல்லை.

நீ வேலை பார்க்கிற ஆய்வகத்திலிருந்து அறிக்கை வந்தது. அலுவலகத்துக் கணினிப் பெண்ணிடம் கெஞ்சி ஒரு நகல் வாங்கினேன், அவளே நம் மொழியில் வரி வரியாகச் சொன்னாள். முந்தின வாரமே வலைப் பொறுப்பில் இருந்தவர், அதாவது உன் அத்தை, வலையை அப்படியும் இப்படியுமாகத் திறந்துபோட்டிருக்கிறார், பாசி அப்போதே நலிந்துவிட்டது, திங்கள்கிழமை திறந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதியிருக்கிறது. கீழே உன் ஆய்வகத் தலைவர், நீ பெரியவர் என்பாயே, அவருடைய கையெழுத்து. அவர்தான் எழுதினார் என்று நானும் நம்பியிருப்பேன். ஆனால் நடுவில் ஒரு வரி, கையை நனைத்தால் நடுவிரல் முழங்கை ஆழம் வரை தெரிந்தது என்று. எந்த ஆய்வகத்தில் கையை விட்டு அளக்கிறார்கள்? அது எங்கள் தொட்டிக்கரை அளவு, அந்தப் புதன்கிழமை நான் உனக்குப் போனில் சொன்னது. என் வார்த்தையை எடுத்து உன் அத்தைமேல் எறிந்திருக்கிறாய்.

அதைவிட ஒன்று என்னைக் குடைகிறது. உன் ஆராய்ச்சிக்காக வாரம் இரண்டு குப்பி எடுத்து அனுப்பச் சொன்னாயே, அந்த வாரமும் எடுத்தேன். திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு, குடைக்காரர் வருவதற்கு முன்னால், ஆறாம் தொட்டியில் ஒன்று. புதன்கிழமை அதே தொட்டியில் ஒன்று. பாசி இருந்த நிலையிலேயே நிற்பதற்கு நீ கொடுத்த மருந்தைப் பத்துச் சொட்டு விட்டு, கறுப்புத் தாள் சுற்றி, பென்சிலால் நாளும் நேரமும் எழுதி ஒரே பெட்டியில் வைத்தேன். அறிக்கையில் இருப்பது புதன்கிழமைக் குப்பி மட்டும். ஒரு பாசியப் பாத்தா போதும்மா, போன வாரம் எந்த வெளிச்சத்துல இருந்துச்சுன்னு சொல்லிடுவேன் என்று பீற்றிக்கொண்டவள் நீ. அத்தை முந்தின வாரமே வலையைத் திறந்திருந்தால் திங்கள்கிழமைக் குப்பி இளம்பச்சையாகப் பழகியிருக்கும், அந்தக் காப்புப் புரதமும் அதில் இருக்கும். திறக்கவில்லை என்றால் கரும்பச்சையாக, அந்தப் புரதம் இல்லாமல் இருக்கும். நான் மூடின குப்பி கரும்பச்சை. வழியில் உடைந்திருக்கும், பிள்ளையைச் சந்தேகப்படாதே என்கிறார் அப்பா. பெட்டி வந்த அன்றைக்கு நீ அனுப்பிய செய்தியை அவரிடம் நான் காட்டவில்லை. ரெண்டும் பத்திரமா வந்துடுச்சும்மா, அதுதான் அந்தச் செய்தி, இன்னும் என் போனில் இருக்கிறது.

பண்ணைக்குள் சொந்தமாக ஆய்வகம் கட்டப்போகிறார்கள், உன்னைத்தான் அதற்குத் தலைமையாக வைக்கப்போகிறார்கள் என்று லாரி ஓட்டுகிறவர் சொன்னார். நான் சிரித்தேன். மறுநாள் என்னைத் தொட்டியிலிருந்து எடுத்து, உலர்த்துகிற அறையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்தார்கள். இத்தனை நாள் ஏய் என்று கூப்பிட்ட குடைக்காரர் அம்மா என்கிறார், உங்க பொண்ணு எப்ப வருது என்று கேட்கிறார். எனக்கு எதற்கு இந்த மரியாதை? உன்னை யாராவது மிரட்டினார்களா? அப்படியிருந்தால் அதைச் சொல், பக்கத்தில் நிற்க எனக்குத் தெரியும். ஆசை காட்டினார்கள் என்றால் அதையும் சொல், திட்டுவேன், ஆனாலும் என் பிள்ளைதான். உன் அத்தை இன்றைக்குக் காலையில்கூட, அண்ணி, மருமக அப்படி எழுதியிருக்க மாட்டா, நீங்க அவகிட்ட ஏதும் கேட்டு மனச நோகடிக்காதீங்க என்றாள். குப்பியைப் பற்றி அவளுக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி துணி மடித்தேன், உன்னால் நானும் பொய்க்காரி ஆனேன்.

அந்தக் குப்பியைப் பற்றி இதற்கு முன் இரண்டு தடவை போனில் செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டேன், இரண்டு தடவையும் நீ படித்ததற்கு நீலக்குறி வந்தது, பதில் வரவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். தபால் வியாழனுக்குள் வந்து சேராது, படம் எடுத்தும் அனுப்புகிறேன், காகிதம் பின்னால் வரும், அதை விரல் தட்டி அழிக்க முடியாது. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு குளிரில் போகாதே. நீ எங்கே இருந்தாலும் நல்லா இரு, நாலு பேர் உன் பேச்சை நம்புகிற மாதிரி இரு.

உன் அம்மா

புதன்கிழமைக்குள் அந்தத் திங்கள்கிழமைக் குப்பியைத் திறந்து, உள்ளே பார்த்ததை உன் பெயர் போட்டு எழுதி அனுப்பு. குப்பி எங்கே?