எண்ணெய்த் தலைகளும் ஒரு சீப்பும்

1994 ஜூன் 14, செவ்வாய்

பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் இன்று மாதிரி வகுப்பு எடுத்தேன். பாடம் மின்னூட்டம். வேலை கிடைத்தால் சாத்தான்குளத்து வரனை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அப்பாவிடம் அப்படித்தான் பேசி வைத்திருந்தேன்.

சீப்பைத் தலைமுடியில் தேய்த்தால் எலக்ட்ரான்கள் சீப்புக்கு வந்துவிடும், பிறகு அது காகிதத் துணுக்குகளை இழுக்கும் என்றேன். முன்வரிசைப் பெண்ணின் தலையில் தேய்த்துக் காட்டினேன். ஒரு துணுக்கும் அசையவில்லை. அடுத்த பெண். அதற்கும் அடுத்தவள். எல்லாத் தலையும் எண்ணெயில் மினுங்கியது.

"எண்ணெய் வைக்காம வந்தா வெளிய நிறுத்திருவாங்க டீச்சர்," என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது.

பின்னால் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை எழுந்தார். "எம்.எஸ்ஸி. படிச்சிட்டு சீப்பு வித்தையா காட்டுத? அதுவும் நடக்க மாட்டேங்கு. புஸ்தகத்துல உள்ளத நடத்தினாப் போதும்மா."

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்னூட்டம் ஏறாது என்று எனக்குத் தெரியும். ஆனால் எண்ணெய் அவர் போட்ட விதி. சொன்னால் வேலை கிடைக்காது என்று வாயை மூடிக்கொண்டேன். வேலை இல்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாத்தான்குளத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

சற்று முன் நைலக்ஸ் சேலையை அவிழ்த்தேன். படபடவென்று பொரிந்தது. கை மயிர் எழுந்து நின்றது. சீப்பை இதில் தேய்த்திருந்தாலே போதும். காலையிலிருந்து என் உடம்பில் சுற்றியிருந்ததை விட்டுவிட்டு, பிள்ளைகளின் தலைகளில் தேடியிருக்கிறேன்.