சிவப்புத் தங்கம்

12.9.2006, செவ்வாய்

இன்று நடந்ததை எனக்குச் சாதகமாக மாற்றாமல் அப்படியே எழுதப் போகிறேன்.

திருவள்ளூர் அறிவியல் கண்காட்சிக்காக நான் வரைந்த படத்தை டீச்சர் பார்த்தார். நானோ அளவுக்குச் சிறிதான தங்கத் துகள்கள் தண்ணீரில் சிவப்பாகத் தெரியும் என்று நூலக இதழில் படித்து, சிவப்பு அடித்திருந்தேன். அவற்றின் மேல் மருந்தை ஏற்றிப் புற்றுநோய்க் கட்டிக்கு அனுப்ப ஆராய்கிறார்கள் என்றும் எழுதியிருந்தேன்.

“தங்கம் செவப்பா? உங்கம்மா தாலி என்ன கலரும்மா?” என்றார். வகுப்பே சிரித்தது.

“எங்க பூஜை சாமான் கடையில கற்கண்டு கண்ணாடி மாதிரி இருக்குது. இடிச்சா வெள்ளையாயிடுது டீச்சர். சின்னதானா நெறம் மாறும்.”

“மஞ்சள் அடிச்சுகினு வா. இல்லன்னா வேற பொண்ணை அனுப்புறேன்.”

கற்கண்டு வெளுப்பதும் தங்கம் சிவப்பதும் ஒரே காரணத்தால் அல்ல. அது எனக்கே தெரியும். ஆனால் சிவப்பு பொய்யில்லை.

கடையை மூடிவிட்டு வந்த நைனா நடந்ததைக் கேட்டுவிட்டு, “மஞ்சள் அடிச்சா என்னம்மா கெட்டுடும்?” என்றார்.

“பொய்யாயிடும் நைனா.”

“அப்போ கண்காட்சிக்குப் போவ முடியாதே.”

“ஆங், தெரியும்.”

டீச்சர் கொடுத்த மஞ்சள் பெயின்ட் டப்பாவை நான் திறக்கவே இல்லை. காலையில் சிவப்புப் படத்தையே எடுத்துப் போவேன், அந்த இதழையும் சேர்த்து. நைனா விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரியை இருட்டிலேயே எழுதுகிறேன்.